வால்வு காயில் சுடுவது இயல்பா, கோளாறா?

மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும் சொலினாய்டு வால்வின் காயிலைத் தெரியாமல் தொட்டவர், கையை உதறிக்கொண்டு முதலில் கேட்பது ‘இது எரியப்போகிறதா?’ என்பதுதான். பெரும்பாலும் இல்லை. தொடர்ந்து பல மணி நேரம் மின்சாரம் வாங்கும் காயிலின் வெளிப்புறம் 70, 80 டிகிரி செல்சியஸ் வரை போவது சாதாரணம். சில வகைகள் 100 டிகிரியைத் தாண்டியும் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன. தயாரித்தவர்கள் இதை அறிந்தேதான் அப்படி வடிவமைக்கிறார்கள். ஆனால் ‘காயில் என்றால் சுடத்தான் செய்யும்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதும் சரியில்லை. சுட்டுச் சுட்டே கருகிப்போகிற காயில்களும் நிறைய இருக்கின்றன. இரண்டையும் பிரித்தறியக் கையை நம்ப முடியாது. உள்ளே என்ன நடக்கிறது என்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் தண்ணீரைத் திறந்து மூடுவது, குளிர்பதன அமைப்பின் குழாயில் திரவத்தை நிறுத்துவது, காற்றழுத்தச் சிலிண்டரை இயக்குவது, பர்னருக்குப் போகும் வாயுவைத் துண்டிப்பது, வயலில் சொட்டுநீர்ப் பகுதிகளை மாற்றிவிடுவது என்று எங்கெல்லாம் ஒரு சுவிட்ச் ஒரு குழாயை ஆள வேண்டுமோ அங்கெல்லாம் இந்த வால்வு இருக்கிறது. அமைப்பு எளிமையானது. மெல்லிய எனாமல் பூச்சுள்ள செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றி, அதைப் பிளாஸ்டிக்காலோ எபாக்சியாலோ மூடிவிடுகிறார்கள். அதுதான் காயில். அதன் நடுத்துளை வழியாக ஒரு துருப்பிடிக்காத எஃகுக் குழல் போகிறது. குழலுக்குள் பிளஞ்சர் என்னும் இரும்புத் தண்டும் அதைக் கீழே தள்ளும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. மின்சாரம் பாய்ந்தால் காயில் காந்தமாகிறது, பிளஞ்சர் மேலே இழுக்கப்படுகிறது, வழி திறக்கிறது. மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் அதைத் தள்ளி மூடிவிடுகிறது.

சூடு எங்கிருந்து வருகிறது

பிளஞ்சரை மேலே இழுக்கும் வேலை ஒரு விநாடியில் சிறு பகுதிக்குள் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு காயில் செய்வது பிடித்துக்கொண்டிருப்பது மட்டும்தான். எதுவும் நகரவில்லை என்றால், இயற்பியல் கணக்குப்படி வேலை எதுவும் நடக்கவில்லை. ஒரு நிரந்தரக் காந்தம் எந்தச் சக்தியும் செலவழிக்காமல் ஆண்டுக்கணக்கில் இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். மின்காந்தத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காந்தப்புலம் நிலைத்திருக்க மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். செம்புக் கம்பிக்கோ மின்தடை உண்டு. ஆகவே பிளஞ்சர் மேலே போய் அமர்ந்த பிறகு காயில் வாங்கும் ஒவ்வொரு வாட்டும் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். அதற்குப் போக வேறு இடம் கிடையாது.

24 வோல்ட் டிசி, 10 வாட் என்று பொறித்த ஒரு காயிலை எடுத்துக்கொள்வோம். அதில் 0.42 ஆம்பியர் ஓடும். மின்தடை சுமார் 58 ஓம். பத்து வாட் என்பது கேட்பதற்குச் சொற்பமாகத் தோன்றலாம். ஆனால் மின்னணுப் பலகைகளில் பற்றவைக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதன் முனை ஈயத்தை உருக்குகிறது. எத்தனை வாட் என்பது பாதிக் கணக்கு. அந்தச் சூடு எவ்வளவு பரப்பு வழியாக வெளியேறுகிறது என்பது மீதிக் கணக்கு. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கட்டியிலிருந்து, விசிறியும் இல்லாமல், சுற்றியுள்ள காற்று தானாக மேலெழுந்து எடுத்துக்கொண்டு போனால்தான் உண்டு. எனவே காற்று எடுத்துப் போகும் சூடும் உள்ளே பிறக்கும் சூடும் சமமாகும் வரை வெப்பநிலை ஏறிக்கொண்டே போகிறது. அந்தச் சமநிலைக்கு வர அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். மின்சாரம் கொடுத்த ஐந்தாவது நிமிடத்தில் தொட்டுப் பார்த்து ‘சூடே இல்லை’ என்று சான்றிதழ் கொடுப்பதில் பொருள் இல்லை.

டிசி காயிலில் இயற்கையே வைத்த ஒரு கடிவாளமும் உண்டு. செம்பு சூடாகும்போது அதன் மின்தடை கூடுகிறது, ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 4 சதவீதம். மேலே சொன்ன 58 ஓம் காயில் நன்றாகச் சூடான பிறகு 75 ஓம் ஆகிவிடும். அப்போது அது வாங்குவது 10 வாட் அல்ல, 7.7 வாட்தான். சூடு தன்னைத்தானே ஓரளவு அடக்கிக்கொள்கிறது. இதன் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. மின்னோட்டம் குறைந்தால் இழுக்கும் பலமும் குறையும். காலையில் நன்றாகத் திறந்த வால்வு, நாள் முழுக்க வெந்த பிறகு மாலையில் அணைத்துப் போட்டால் திறக்க மறுப்பதற்கு இதுவே பல நேரம் காரணம். காயில் கெட்டுப்போகவில்லை, சூட்டில் பலம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கையை ஏன் நம்பக்கூடாது

மனிதத் தோல் 43, 44 டிகிரியைத் தொடும்போதே வலியை உணரத் தொடங்கிவிடும். உலோகப் பரப்பு 60 டிகிரியில் இருந்தால் ஓரிரு விநாடிகளுக்கு மேல் கைவைக்க முடியாது. 65, 70 டிகிரி உலோகத்தை ஒரு விநாடி தொட்டாலே தோல் வெந்துபோகலாம். பிளாஸ்டிக் சூட்டை மெதுவாகக் கடத்துவதால் அதே வெப்பநிலையில் கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளலாம். அதனாலேயே ஒரே வெப்பநிலையில் உள்ள இரண்டு காயில்களில், இரும்பு உறை போட்டது ‘கொதிக்கிறது’ என்றும் பிளாஸ்டிக் உறை போட்டது ‘பரவாயில்லை’ என்றும் கைக்குத் தோன்றும். கை சொல்வதெல்லாம் ‘60க்கு மேல்’ என்ற ஒரே செய்திதான். காயிலின் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

காயில் எவ்வளவு தாங்கும் என்பதை முடிவுசெய்வது செம்பு அல்ல. செம்பு உருக ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். கம்பியின் மேல் இருக்கும் தலைமுடியை விட மெல்லிய எனாமல் பூச்சும், சுற்றி ஊற்றிய பிசினும்தான் எல்லையை வகுக்கின்றன. இவற்றுக்கு உலகம் முழுதும் ஒரு வகுப்பு முறை இருக்கிறது. ஐஇசி 60085 என்ற தரநிலை அதைத் தருகிறது. ஏ வகுப்பு 105 டிகிரி, ஈ வகுப்பு 120, பி வகுப்பு 130, எஃப் வகுப்பு 155, ஹெச் வகுப்பு 180. காயிலின் மேல் உள்ள பட்டயத்தில் இந்த எழுத்து பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். இன்றைய தொழிற்சாலைக் காயில்களில் எஃப், ஹெச் இரண்டும் மிகப் பரவலானவை.

இந்த எண்கள் காயிலின் உள்ளே மிகச் சூடான புள்ளிக்கு உரியவை, வெளித்தோலுக்கு அல்ல. சூடு உள்ளிருந்து வெளியே வருவதால் உட்புறம் எப்போதும் வெளிப்புறத்தை விடச் சூடாகவே இருக்கும். எஃப் வகுப்புக் காயில் ஒன்று 40 டிகிரி அறையில் இருக்கிறது என்று வையுங்கள். தன் சூட்டால் அது 80 டிகிரி ஏறுகிறது. உள்ளே மிகச் சூடான புள்ளிக்கு இன்னும் ஒரு 10 டிகிரி சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 130. எல்லை 155. இன்னும் 25 டிகிரி கையிருப்பு இருக்கிறது. இந்தக் காயிலின் வெளிப்புறம் 90, 100 டிகிரியில் இருக்கக்கூடும், தொட்டவர் அலறுவார். காயிலுக்கோ அது இயல்பான வேலைநாள்.

எல்லையைத் தாண்டினால் உடனே எரிந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. இன்சுலேஷன் ஒரே நாளில் சாவதில்லை. மெல்ல மெல்லக் கிழடாகிறது. நொறுங்கும் தன்மை கூடுகிறது, மயிரிழை விரிசல்கள் விழுகின்றன. ஒவ்வொரு 10 டிகிரி கூடுதல் சூட்டுக்கும் இன்சுலேஷனின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிறது என்பது மின் பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் ஒரு கணக்கு. துல்லியமான விதி அல்ல, ஆனால் திசை சரியானது. இதைத் திருப்பிப் படித்தால் ஒரு பயன் கிடைக்கிறது: 20 டிகிரி குறைத்துவிட்டால் காயில் நான்கு மடங்கு காலம் உழைக்கும். எரியாத காயிலையும் குளிர்ச்சியாக வைத்திருப்பதில் லாபம் இருக்கிறது.

ஏசி காயிலின் தனிக்குணம்

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி டிசி காயிலுக்குப் பொருந்தும். ஏசி காயில் வேறு பிறவி. எரிந்துபோகும் காயில்களில் பெரும்பாலானவை ஏன் ஏசியாக இருக்கின்றன என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது.

டிசி காயிலில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது கம்பியின் மின்தடை ஒன்றுதான். பிளஞ்சர் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் நடுவில் சிக்கிக்கொண்டாலும் அதே மின்னோட்டம். ஏசி காயிலில் மின்தடை சிறிய பங்குதான். பெரும்பங்கு தன்மின் தூண்டலுடையது. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் தன்னை உண்டாக்கிய மின்னோட்டத்தையே எதிர்க்கிறது. இந்த எதிர்ப்பின் அளவு, காந்தப் பாதையில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பிளஞ்சர் கீழே இருக்கும்போது பாதையில் காற்று இடைவெளி இருக்கிறது, எதிர்ப்பு குறைவு, மின்னோட்டம் பாய்ந்து வருகிறது. பிளஞ்சர் மேலே போய் நிலைத்த இரும்போடு ஒட்டி அமர்ந்ததும் இடைவெளி அடைபடுகிறது, எதிர்ப்பு எகிறுகிறது, மின்னோட்டம் இறங்கிவிடுகிறது. இழுக்கும் நேர மின்னோட்டம் பிடித்திருக்கும் நேர மின்னோட்டத்தைப் போல இரண்டு மடங்கும் இருக்கலாம், பல மடங்கும் இருக்கலாம். பட்டயத்திலோ விவரத் தாளிலோ இழுக்க ஒரு விஏ (வோல்ட்-ஆம்பியர், அதாவது வோல்டேஜையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது) எண்ணும் பிடித்திருக்க அதைவிடச் சிறிய ஒரு விஏ எண்ணும் தனித்தனியாகக் கொடுப்பது இதனால்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பிளஞ்சர் மேலே போய் முழுமையாக அமரவில்லை என்றால் என்ன ஆகும்? கண் சிமிட்டும் நேரத்துக்கு மட்டும் வர வேண்டிய அந்தப் பெரிய மின்னோட்டம் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், இரண்டு மடங்கு மின்னோட்டம் என்றால் கம்பியில் நான்கு மடங்கு சூடு. காயில் சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்திலோ கருகிவிடும். காரணம் மிகச் சின்னதாக இருக்கலாம்: குழலுக்குள் புகுந்த ஒரு துருத்துகள், உப்புப் படிந்த பிளஞ்சர், கழற்றி மாட்டும்போது மாறிப்போன ஸ்பிரிங், வளைந்த குழல். காயிலை மாற்றுகிறார்கள், அடுத்த வாரம் அதுவும் எரிகிறது, ‘மட்டமான காயில்’ என்று விற்றவரைத் திட்டுகிறார்கள். துகள் மட்டும் அங்கேயே பத்திரமாக இருக்கிறது. ஏசி காயில் எரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வால்வைத்தான்.

குறைந்த வோல்டேஜும் இதே வழியில் கொல்லும். வோல்டேஜ் குறைந்தால் சூடு குறையும் என்பது பொதுப் புத்தி. டிசியில் அது உண்மையும்கூட. ஏசியில் நீண்ட மெல்லிய ஒயர் வழியாக வந்து சேரும் வோல்டேஜ் மிகவும் தேய்ந்திருந்தால், காயிலுக்குப் பிளஞ்சரைக் கடைசிவரை இழுக்கும் தெம்பு இருக்காது. அது பாதியில் நின்று அதிரும். மின்னோட்டம் உச்சத்திலேயே நிற்கும். வோல்டேஜ் போதாமல் ஒரு காயில் எரிந்தது என்று யாராவது சொன்னால் நம்பலாம்.

இன்னொரு விபத்து, பழுதுபார்ப்பவர்களின் கையாலேயே நடப்பது. வால்வு வேலை செய்கிறதா என்று பார்க்க, மின்சாரம் ஓடும்போதே காயிலைக் குழலிலிருந்து உருவி எடுத்து மேசை மேல் வைத்துவிடுவார்கள். ஏசி காயிலின் நடுவில் இரும்பே இல்லை என்றால் எதிர்ப்பு அடிமட்டத்துக்குப் போய்விடும். பேச்சு சுவாரசியத்தில் ஐந்து நிமிடம் மறந்துவிட்டால் போதும், புகை வந்து நினைவூட்டும். காந்தம் வேலை செய்கிறதா என்று பார்க்க அதைக் கழற்றவே தேவையில்லை. காயிலின் உச்சியில் உள்ள நட்டுக்கு அருகில் ஒரு ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கொண்டுபோனால், இழுவை கையில் தெரியும். ஏசியாக இருந்தால் மெல்லிய அதிர்வும் சேர்ந்து தெரியும்.

அந்த அதிர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மின்னோட்டம் விநாடிக்கு 100 முறை சுழியைத் தொடுகிறது. ஒவ்வொரு முறையும் காந்தம் ஒரு கணம் கைவிட, ஸ்பிரிங் பிளஞ்சரைக் கீழே தள்ளப் பார்க்கும். இதைத் தடுக்க இரும்பின் முகத்தில் ஒரு சிறிய செம்பு வளையத்தைப் பதித்திருப்பார்கள். ஷேடிங் ரிங் என்று பெயர். முதன்மைக் காந்தப்புலம் சுழியில் இருக்கும் கணத்தில், சற்றே பின்தங்கி வரும் இந்த வளையத்தின் புலம் பிடியை விடாமல் காக்கிறது. வளையம் உடைந்தாலோ, முகங்களுக்கு நடுவே அழுக்கு சேர்ந்தாலோ வால்வு ரீங்கரிக்கத் தொடங்கும். மெல்லிய முணுமுணுப்பு எல்லா ஏசி காயிலுக்கும் உண்டு. அது உரத்த உறுமலாக மாறினால், கூடவே சூடும் ஏறியிருந்தால், மேலே சொன்ன கோளாறுகளில் ஏதோ ஒன்று உள்ளே நடந்துகொண்டிருக்கிறது.

ஏசி, டிசி காயில்களை மாற்றி மாட்டுவதும் அடிக்கடி நடப்பதுதான். 24 வோல்ட் ஏசி காயிலுக்கு 24 வோல்ட் டிசி கொடுத்தால், தன்மின் தூண்டலின் உதவி இல்லாமல் வெறும் மின்தடை மட்டும் தனியாக நிற்கும். அந்த மின்தடை 12 ஓம் என்று வைத்துக்கொண்டால் ஓடுவது 2 ஆம்பியர், பிறக்கும் சூடு 48 வாட். அது நெடுநேரம் தாக்குப்பிடிக்காது. தலைகீழாக, டிசி காயிலுக்கு ஏசி கொடுத்தால் அநேகமாக எரியாது. மின்னோட்டம் போதாமல் வால்வு திறக்காமல் உறுமும். அதுபோலவே 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த காயிலை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் மின்னோட்டம் 20 சதவீதம் வரை, சில நேரம் அதற்கு மேலும் கூடும். வேறொரு நாட்டுக்காகச் செய்த இயந்திரத்தை வரவழைத்தவர்கள் பட்டயத்தில் முதலில் பார்க்க வேண்டிய எண் இது.

அதிக வோல்டேஜ் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. 10 சதவீதம் கூடினால் சூடு 21 சதவீதம் கூடும். பெரும்பாலான காயில்கள் 10 சதவீத ஏற்ற இறக்கத்தைத் தாங்கும்படியே செய்யப்படுகின்றன. கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 24 வோல்ட் என்று எழுதிய சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் சுமை குறைவாக இருக்கும்போது 27, 28 வோல்ட் கொடுக்கக்கூடியவை. 28 வோல்டில் சூடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. எழுதியிருப்பதை நம்பாமல், காயில் இணைப்பிலேயே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்.

அளந்து பார்ப்பது

வெளிப்புற வெப்பநிலைக்கு அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் போதும், ஒரு நிபந்தனையோடு. பளபளக்கும் உலோக உறையில் அது உண்மையை விட வெகு குறைவாகக் காட்டும். ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அது சூடானதும் அதன் மேல் அளந்தால் நம்பகமான எண் கிடைக்கும்.

ஆனால் காயிலின் உள்வெப்பநிலையை அறியக் கையடக்கமான ஒரு வழி இருக்கிறது. செம்புக் கம்பியே தெர்மாமீட்டராகப் பயன்படுகிறது. காயில் முழுவதும் ஆறியிருக்கும்போது, மின்சாரத்தைத் துண்டித்து, ஒயரைக் கழற்றி, மின்தடையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அறை வெப்பநிலையையும் குறியுங்கள். பிறகு காயிலை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, மின்சாரத்தை நிறுத்தி, ஆறுவதற்குள் மறுபடி அளக்க வேண்டும். சூடான மின்தடையைக் குளிர்ந்த மின்தடையால் வகுங்கள். முதலில் குறித்த அறை வெப்பநிலையுடன் 234.5 என்ற எண்ணைக் கூட்டி, வகுத்து வந்ததை அதனால் பெருக்குங்கள். கிடைப்பதிலிருந்து 234.5ஐக் கழித்தால் காயிலின் உள்வெப்பநிலை வந்துவிடும். 234.5 என்பது செம்புக்கே உரிய மாறிலி.

நம் பழைய காயிலில் இதைப் போட்டுப் பார்க்கலாம். 30 டிகிரி அறையில் 58 ஓம், ஓடிய பிறகு 75 ஓம். 75ஐ 58ஆல் வகுத்தால் 1.293. அறையின் 30உடன் 234.5 சேர்ந்து 264.5. இரண்டையும் பெருக்கினால் 342. அதிலிருந்து 234.5 போக 107.5 டிகிரி. இது சுற்று முழுவதற்குமான சராசரி. மிகச் சூடான புள்ளிக்கு ஒரு 10, 15 டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். 120 டிகிரி சொச்சம். காயில் எஃப் வகுப்பு என்றால் நிம்மதியாக மூடி வைத்துவிடலாம். ஏ வகுப்பாக இருந்தால் அதன் நாட்கள் எண்ணப்படுகின்றன.

உள்ளே ரெக்டிஃபையர், அதாவது ஏசியை டிசியாக மாற்றும் உறுப்பு, பொருத்திய காயில்கள் இருக்கின்றன. அவற்றில் மல்டிமீட்டர் காட்டும் மின்தடைக்கு இப்படிப் பொருள் கொள்ள முடியாது. மற்றபடி, ஆறிய காயிலின் மின்தடை ஒன்றே பல செய்திகளைச் சொல்லும். விவரத் தாளில் உள்ள எண்ணுக்கு அருகில் இருந்தால் சுற்று நலம். முடிவிலி என்று காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. குறிப்பிடத்தக்க அளவு குறைவாக இருந்தால்தான் கவலை. எனாமல் உதிர்ந்து சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். இந்த நிலையில் டிசி காயில் கூடுதல் மின்னோட்டம் வாங்கும், மேலும் சூடாகும், மேலும் எனாமல் உதிரும். ஏசியில் இன்னும் மோசம்: ஒட்டிக்கொண்ட சுற்றுகள் ஷார்ட் ஆன டிரான்ஸ்ஃபார்மர் சுற்றைப் போல நடந்துகொண்டு, அந்த இடத்தை மட்டும் தனியாக வேகவைக்கும். காயில் இன்னும் வால்வைத் திறந்துகொண்டுதான் இருக்கும். அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கருவி எதுவும் இல்லாதபோது கண்ணும் மூக்கும் காதும் இருக்கின்றன. உறையில் பழுப்பேறிய நிறம், உப்பல், எபாக்சியில் வெடிப்பு, எழுத்துகள் மங்கிப்போன பட்டயம், கருகிய வார்னிஷ் வாசனை ஆகியவை இயல்பான சூட்டின் அடையாளங்கள் அல்ல. ஒரே மாதிரியான வால்வுகள் வரிசையாக இருக்கும் இடத்தில், ஒரே நேரம் ஓடிய அண்டைக் காயிலோடு ஒப்பிடுவது மிக நல்ல சோதனை. எல்லாமே 80 டிகிரி என்றால் பிரச்சினை இல்லை. ஏழு காயில்கள் 80இலும் ஒன்று மட்டும் 110இலும் இருந்தால் அந்த ஒன்றை இன்றே கழற்றிப் பார்க்க வேண்டும். வெடித்த எபாக்சி அழகுக் குறை மட்டும் அல்ல: காயில் ஆறும்போதெல்லாம் அந்த விரிசல் ஈரக்காற்றை உள்ளிழுக்கிறது, ஈரம் கம்பியை அரிக்கிறது. வெளியில், ஈரமான இடங்களில் உள்ள காயில்கள் சூட்டால் சாவதை விடச் சூடும் ஈரமும் மாறி மாறி வருவதால் சாவதே அதிகம் என்பது என் கணிப்பு.

சூட்டைக் குறைக்க

முதல் கேள்வி வால்வின் வேலை நேரம் பற்றியது. நாளில் 22 மணி நேரம் திறந்தே இருக்க வேண்டிய குழாயில், மின்சாரம் கொடுத்தால் திறக்கும் வகையைப் போட்டுவிட்டு, காயில் சுடுகிறதே என்று வருந்துவது வீண். மின்சாரம் கொடுத்தால் மூடும் வகை ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் காயில் இரண்டு மணி நேரம்தான் உழைக்கும். மின்சாரம் போனால் குழாய் திறந்துகொள்ளும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. வாயு, நீராவி போன்ற இடங்களில் அது ஆபத்து. அங்கே மூடியிருப்பதே பாதுகாப்பு என்பதால் சூட்டைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மின்சாரத்தையே குறைக்கும் வழிகளும் உண்டு. பிளஞ்சரை இழுக்கத்தான் முழுப் பலம் தேவை. இழுத்துப் பிடித்த பிறகு அதில் ஒரு பகுதி போதும். இதைப் பயன்படுத்தி, முதல் சில நூறு மில்லிவிநாடிகளுக்கு முழு மின்னோட்டம் கொடுத்துவிட்டுப் பிறகு தானாகக் குறைத்துக்கொள்ளும் சிறு மின்னணுச் சுற்றுகள் டிசி காயில்களில் வருகின்றன. மின்னோட்டம் பாதியானால் சூடு கால்வாசி. இன்னும் ஒரு படி மேலே போனது லாட்சிங் வகை: ஒரு துடிப்பு கொடுத்தால் திறந்து, நிரந்தரக் காந்தத்தின் பிடியில் அப்படியே நிற்கும், எதிர்த்துடிப்பு கொடுத்தால் மூடும். இடையில் மின்சாரமே இல்லை, சூடும் இல்லை. பேட்டரியில் ஓடும் பாசனக் கருவிகள் இந்த வகையைத்தான் விரும்புகின்றன.

பட்டயத்தில் வேலைச் சுழற்சியையும், அதாவது மொத்த நேரத்தில் எவ்வளவு பங்கு மின்சாரம் கொடுக்கலாம் என்பதையும் பாருங்கள். ஈடி என்று அதைக் குறித்திருப்பார்கள். ஈடி 100 சதவீதம் என்றிருந்தால் நிறுத்தாமல் ஓட்டலாம். 40 சதவீதம் என்றிருந்தால் பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் என்பது போன்ற ஒரு கணக்கில்தான் ஓட்ட வேண்டும்; சுழற்சியின் கால அளவை விவரத் தாள் சொல்லும். விட்டு விட்டு இயங்கும் காயிலைத் தொடர்ந்து ஓட்டினால் அது சுடுவது கோளாறு அல்ல, நாம் தேர்ந்தெடுத்த தவறு.

காயிலைச் சுற்றிக் காற்று போக வேண்டும். நீராவிக் குழாயை வெப்பக் காப்புப் பஞ்சால் போர்த்துபவர்கள், நேர்த்தியாக இருக்கட்டும் என்று காயிலையும் சேர்த்துப் போர்த்திவிடுவதுண்டு. தன் சூடும் குழாயின் சூடும் சேர்ந்து அதை வேகவைத்துவிடும். நீராவி வால்வில் கீழிருந்து ஏறும் சூட்டுக்காகவே ஹெச் வகுப்புக் காயில்கள் போடப்படுகின்றன. நெருக்கமாக அடுக்கிய வால்வுகள் ஒன்றையொன்று சூடாக்கும், நடுவில் இருப்பது அதிகம் படும். மூடிய பெட்டிக்குள் 25 டிகிரி அறைக் கணக்கு செல்லாது; பெட்டிக்குள் இருக்கும் வெப்பநிலைதான் கணக்கு. காயில் மேல்நோக்கி நிற்கும்படி வால்வைப் பொருத்தச் சொல்வதற்கும் காரணம் உண்டு: தலைகீழாக இருந்தால் குழாயில் வரும் அழுக்கு பிளஞ்சர் குழலுக்குள் இறங்கிச் சேரும்.

எரியக்கூடிய வாயு சூழ்ந்த இடங்களில் மட்டும் கேள்வியே மாறிவிடுகிறது. அங்கே காயில் தாங்குமா என்பது இரண்டாம் பட்சம். சுற்றியுள்ள வாயு அந்தச் சூட்டில் பற்றிக்கொள்ளுமா என்பதே முதல் கேள்வி. அதற்கென்று மேற்பரப்பு வெப்பநிலை வகுப்புகள் உள்ளன: டி3 என்றால் 200 டிகிரியைத் தாண்டக்கூடாது, டி4 என்றால் 135, டி5 என்றால் 100, டி6 என்றால் 85. அத்தகைய இடத்தில் சான்றிதழ் பெற்ற காயிலுக்குப் பதிலாக ‘அதே வோல்டேஜ்தானே’ என்று வேறொன்றை மாட்டுவதை எந்த அவசரத்திலும் செய்யக்கூடாது.

மாற்றுக் காயில் வாங்கும்போது வோல்டேஜ், ஏசியா டிசியா, ஹெர்ட்ஸ், வாட், வேலைச் சுழற்சி ஆகியவற்றோடு நடுத்துளையின் விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். துளை பெரிதாக இருந்தால் காயில் குழலில் தொளதொளவென்று நிற்கும். காந்தப் பாதையில் தேவையில்லாத காற்று இடைவெளி வரும், குழல் வழியாக வால்வின் உடலுக்குப் போக வேண்டிய சூடும் தேங்கும். மாட்டியதும் மேல் நட்டை விவரத் தாளில் சொன்ன அளவுக்கு இறுக்கிவிட்டு, புதிய காயிலின் குளிர்ந்த மின்தடையை அளந்து, வால்வுக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டி வையுங்கள். அடுத்த முறை யாராவது ‘இது ரொம்பச் சுடுகிறதே’ என்று கேட்டால், கணக்குப் போட அந்த எண் தேவைப்படும்.